காசுக்கு ஆடினவன் எண்டு சொல்லாதேங்கோ

தலைவர் அவர்களே, மேடையிலை வீற்றிருக்கிற பெரியோர்களே, ஓடிக் களைச்சுப்போய் முன்னுக்கு நிலத்திலை குந்தியிருக்கிற தம்பிமாரே, நயினாதீவிலை இருந்தும் நெடுந்தீவிலை இருந்தும் படகேறிக் குறிகட்டுவானுக்கு வந்திருக்கிற தாய்மாரே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைவர் எனக்குத் தந்தது பத்து நிமிசம். படகுகாரர் தந்தது அதிலும் குறைய. அதாலை வாழ்த்துப்பா, பொன்னாடை எல்லாத்தையும் தூக்கி ஒரு பக்கம் வைச்சுப்போட்டு நேரை விசயத்துக்கு வாறன்.

இண்டைக்கு உதைபந்தாட்ட இறுதிப்போட்டி நடந்துகொண்டிருக்கேக்கை எனக்குப் பின்னாலை ஒருவர் சொன்னார்: "உவன் காசுக்கு ஆடுறவன். நாலு நாட்டிலை ஆடிப்போட்டு இப்ப இஞ்சை வந்து நிக்கிறான்." சொல்லி வாய் மூடேல்லை, அவன் இரண்டாவது கோலைப் போட்டான். திரும்பிப் பார்த்தன். சொன்னவர் எழும்பி நிண்டு கை தட்டுறார்! அவர் இப்பவும் இதுக்குள்ளைதான் இருக்கிறார். பேர் சொல்ல மாட்டன். கோல் போட்டவன்ர பேரும் சொல்ல மாட்டன். அவன்ர தாய் மூண்டாம் வரிசையிலை இருக்கிறா, கூச்சப்படுவா.

காசுக்கு ஆடுறவன்! வாத்தியார் காசுக்குப் படிப்பிக்கலாம், டாக்குத்தர் காசுக்கு ஊசி போடலாம், இந்த மைக்செட்காரத் தம்பியும் காசுக்குத்தான் வந்திருக்கிறார். பந்தடிகாரன் மட்டும் காத்தைக் குடிச்சுக்கொண்டு ஓடவேணுமோ?

உருகுவே எண்டொரு நாடு. எங்கட இலங்கைச் சனத்தொகையிலை ஆறிலை ஒண்டுதான் வரும். அங்கை செபஸ்தியான் அப்ரேயு எண்டொருவர். பட்டப்பேர் "எல் லோக்கோ", விசரன் எண்டு அர்த்தம். முன்கள வீரர். எத்தினை கழகத்துக்கு ஆடினவர் தெரியுமோ? இருபத்தாறாவது கழகத்திலை சேரேக்கையே கின்னஸ்காரர் புத்தகத்திலை எழுதிப்போட்டினம். பிறகும் நிக்கேல்லை, முப்பதையும் தாண்டிப் போட்டுது. ஆர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், மெக்சிக்கோ, இஸ்ரேல், கிரேக்கம், எல் சல்வடோர் உட்படப் பதினொரு நாடு. சில இடத்திலை ஒரு வருசம் முழுசாய் இல்லை. உடுப்புப் பெட்டி அவிழ்க்க முதல் அடுத்த ஊர்.

2010 யூலை 2. தென்னாபிரிக்கா, ஜொகன்னஸ்பேர்க். உலகக் கிண்ணக் காலிறுதி, உருகுவேயும் கானாவும். ஒண்டுக்கு ஒண்டு. மேலதிக நேரத்தின்ர கடைசி நிமிசத்திலை கோலுக்குள்ளை போன பந்தைச் சுவாரஸ் கையாலை தடுத்தார். சிவப்பு அட்டை. பெனால்டி. அதைப் போட்டிருந்தால் அரையிறுதிக்குப் போன முதல் ஆபிரிக்க நாடு கானா. கியான் அடிச்சார், பந்து மேல்கம்பத்திலை பட்டு வெளியிலை போச்சுது. பிறகு மாறி மாறிப் பெனால்டி. கடைசி அடிக்கு நடந்து வாறார் எங்கட விசரன். இதைப் போட்டால் வெற்றி. உங்களிலை ஆரும் எண்டால் என்ன செய்வியள்? கண்ணை மூடிக்கொண்டு பலமாய் உதைப்பியள். அவர் ஓடிவந்து, பந்துக்குக் கீழை காலைக் குடுத்து மெல்லமாய் ஒரு தட்டு. கோலி ஒரு பக்கம் பாஞ்சு விழுந்து கிடக்கிறார். பந்து நடுவாலை ஆறுதலாய்ப் போய் வலைக்குள்ளை இருந்துது!

தட்டுங்கோ, தட்டுங்கோ. ஆனால் ஒண்டு கேக்கிறன். அந்தத் துணிவு ஒரு ஊரிலை இருந்து வருமோ? நூறு மைதானத்திலை கூச்சல் கேட்டவனுக்குத்தான் அது வரும்.

சரி, அது உருகுவே. தமிழனுக்கு வாறன். எங்கட பூட்டன்மார் மலாயாவுக்குக் கப்பலேறி, றெயில்வேயிலை கிளாக்கராய் இருந்து, பென்சன் எடுத்துக்கொண்டு வந்து இஞ்சை கல்வீடு கட்டினவை. அந்தப் பக்கம், சிங்கப்பூரிலை, 1965இலை பிறந்தவர் வி. சுந்தரமூர்த்தி. எங்கட ஊர்க்காரர் எண்டு நான் சொல்லேல்லை. நாளைக்கு ஆரும் அவருக்குப் புங்குடுதீவிலை காணி இருக்கெண்டு எழுதிப்போடாதேங்கோ! சிங்கப்பூர்த் தமிழர், அவ்வளவுதான். எதிராளியைத் திகைக்க வைக்கிற ஆட்டக்காரர் எண்டு "டாஸ்லர்" எண்டு பட்டம் குடுத்தவை.

1988இலை சுவிஸ் நாட்டுப் பாசல் கழகம் அவரைக் கூப்பிட்டுது. இண்டைக்கு ஐரோப்பா முழுக்கத் தெரிஞ்ச பாசல் அப்ப இரண்டாம் பிரிவுக்கு இறங்கிப்போய் இருந்த காலம். அந்த 1988இலை சுவிசிலை எங்கட பெடியள் என்ன செய்தவை? இதிலை இருக்கிற தாய்மாருக்குத் தெரியும். அகதி முகாம், விசாரணை, பிறகு உணவகத்தின்ர குசினியிலை கோப்பை கழுவுறது. அதே நேரம் பாசலிலை ஒரு தமிழ்ப் பேர் அணிப் பட்டியலிலை. அந்தக் குசினிக்குள்ளை நிண்ட எத்தினை பேருக்கு இது தெரிஞ்சிருக்கும்?

பாசலோடை நிக்கேல்லை. மலேசியாவுக்குப் போய்க் கெடா அணிக்கு ஆடினார். பிறகு சிங்கப்பூருக்குத் திரும்பினார். 1993இலை மலேசியக் கிண்ணப் போட்டியிலை புருணைக்கு எதிராய் அந்தரத்திலை தலைகீழாய் ஒரு அடி அடிச்சார், இண்டைக்கும் சிங்கப்பூர்க் கிழவர்மார் அதைச் சொல்லிச் சொல்லித் தேத்தண்ணி குடிக்கினம். அந்த வருச இறுதிப்போட்டியிலை சிங்கப்பூரைத் தோற்கடிச்சது ஆர்? அவர் முந்தி ஆடின அதே கெடா! அடுத்த வருசம், 1994இலை, சிங்கப்பூர் மலேசிய லீக்கையும் கிண்ணத்தையும் சேர்த்து வெண்டுது. அந்த அணியிலை சுந்தரமூர்த்தி இல்லை. ஏன் இல்லை, எதுக்கு இல்லை எண்டு அங்கை இப்பவும் சண்டை பிடிக்கினம். ஆனால் 2013இலை சிங்கப்பூரின்ர லயன்ஸ் 12 அணி மலேசிய சூப்பர் லீக்கை வெல்லேக்கை பயிற்றுநர் அவர்தான். 2016இலை சிங்கப்பூர்த் தேசிய அணியையே அவரிட்டைக் குடுத்தினம். நாடு நாடாய் ஆடினவன் எண்டு ஒதுக்கி வைக்கேல்லை. நாலு இடம் பார்த்தவன், நாலு விசயம் தெரியும் எண்டு கூப்பிட்டு இருத்தினவை.

இஞ்சை? ஒருவர் வந்தார். பேர் வேண்டாம், தேர்தல் ஒண்டுக்குக் கொஞ்சம் முதல் வந்தார், அது காணும் உங்களுக்கு. வெள்ளை வேட்டி, பின்னாலை மூண்டு வாகனம். இந்த மைதானத்துக்குப் பார்வையாளர் மண்டபம் கட்டித் தாறன் எண்டு அடிக்கல் நாட்டினார். கல்லு இப்பவும் இருக்கு, போய்ப் பாருங்கோ, நல்ல கல்லு. மத்தியானத்திலை ஆடு படுக்குது. ஒரு முழுப் பந்தி பேசினார், "இந்தத் தீவகம் உதைபந்தாட்டத்தின் தொட்டில்" எண்டு. பந்து ஒண்டு தந்தார், பெடியள் அடிச்ச முதல் நாளே தையல் விட்டுப்போச்சுது. ஐயா, நீங்கள் வாக்குக் கேட்டு வாறது பிழையெண்டு நான் சொல்லேல்லை. ஆட்டுக்கு மண்டபம் கட்டினதுக்கு ஒரு நன்றி சொல்லத்தான் வேணும்! எங்களைக் "காசுக்கு ஆடுறவை" எண்டு சொல்லுற கூட்டத்திலை முதல் ஆளாய் நிக்கிறவரும் அவர்தான், அதுதான் எனக்குப் பொறுக்கேல்லை.

விடுங்கோ. கதை எங்கையோ போகுது.

கொழும்பிலை கதிரைச் சண்டை பிடிச்சு, 2023 ஜனவரியிலை ஃபிஃபா எங்கட நாட்டுச் சம்மேளனத்தையே தடை செய்துபோட்டுது. ஓகஸ்ட் மட்டும் சர்வதேச ஆட்டம் இல்லை. ஓடுற காலும் நாளும் வீணாய்ப் போச்சுது. அதுக்கு முதல் என்ன நடந்தது? 2021இலை லெபனானுக்கு எதிராய் இரண்டு கோல், மாலைதீவுக்கு எதிராய் நாலுக்கு நாலு எண்டு முடிஞ்ச ஆட்டத்திலை அந்த நாலும் ஒரே ஆளின்ர. வசீம் ராசீக். எங்கை பிறந்தவர்? பெர்லினிலை! ஜேர்மனியிலை பந்து பழகி, இலங்கைச் சீருடை போட்டு ஆடினார். அவரை ஆரும் வந்தான் வரத்தான் எண்டு சொன்னவையோ? கோல் போடேக்கை சொல்லமாட்டினம். வேல்ஸிலை பிறந்து பார்ன்ஸ்லி கழகத்துக்கு 2023இலை இறங்கின விமல் யோகநாதனைத் தமிழன் தமிழன் எண்டு முகப்புத்தகம் முழுக்கப் போட்டியள். நல்லது. நானும் போட்டனான். ஆனால் இஞ்சை பிறந்து வெளியிலை போய் ஆடினவனுக்கு மட்டும் ஏன் வேறை நியாயம்?

ஒரு பேரை நான் மரியாதையோடை சொல்லவேணும். மன்னார் பெத்த டக்சன் பியூஸ்லஸ். அவர் கோல் போடுறவர் இல்லை, கோல் தடுக்கிறவர், எங்கட தேசிய அணியின்ர பின்களத் தூண். மாலைதீவிலை வலென்சியா கழகத்துக்கு ஆடப் போன இடத்திலை, 2022 பெப்ரவரியிலை, இறந்துபோனார். முப்பத்தொரு வயசு. வெளிநாட்டு ஆட்டம் எண்டால் விமானமும் விடுதியும் எண்டு நினைக்கிறியள். தனிய ஒரு அறை, தெரியாத ஊர். வருத்தம் வந்தால் ஆர் பார்க்கிறது? வீட்டுக்கு ஆர் சொல்லுறது?

இண்டைக்கு இரண்டாவது கோல் போட்ட எங்கட தம்பியும் அந்த மாலைதீவுக்குத்தான் முதல் போனவன். போக முதல் கொழும்பிலை ஒரு இடத்திலை வேலை தாறம், எங்களுக்கு ஆடு எண்டினம். ஆடினான். வேலை வரேல்லை. மாலைதீவிலை ஒரு பருவம். பிறகு கட்டாரிலை கொம்பனி அணி, பகலிலை களஞ்சியத்திலை பெட்டி தூக்கிறது, பின்னேரம் ஆட்டம். இப்ப பிரான்ஸ். இண்டைக்கு நான் அவன்ர சப்பாத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தன். இடக்கால் முன்பக்கம் பிளந்து, பசை போட்டு ஒட்டி, அதுக்கு மேலை கறுப்பு ரேப் சுத்தி இருந்தது. கேட்டன், "தம்பி, பாரிஸிலை சப்பாத்து இல்லையோ?" சிரிச்சான். "புதுசு வாங்கினனான் மாஸ்ரர், இஞ்சை சின்னவனுக்குக் குடுத்திட்டன்" எண்டான். அந்தச் சின்னவன் இந்தா முன்னுக்கு இருக்கிறான், காலை மறைக்காதை ராசா, சனம் பார்க்கட்டும்! உவனையோ காசுக்கு ஆடினவன் எண்டியள்?

அவன் ஏன் வெளியிலை போனவன் எண்டதையும் சொல்லிப்போட்டு இறங்கிறன். அவன்ர பதினேழு வயசிலை மாவட்ட அணித் தெரிவு. யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கிலை பின்னேரப் பயிற்சி. நயினாதீவுப் பெடியன். பயிற்சி முடிஞ்சு 776 பஸ்ஸிலை பண்ணை தாண்டி, வேலணை தாண்டி, வாணர் பாலம் தாண்டி இந்த இறங்குதுறைக்கு வரக் கடைசிப் படகு போய்விடும். எத்தினை இரவு இந்தத் துறையிலை வாங்கிலை படுத்தவன் எண்டு அந்தக் கடைக்காரரைக் கேளுங்கோ, அவர்தான் பணிஸ் குடுத்தவர். பிறகு பயிற்சியின்ர பாதியிலை எழும்பி ஓடிவரத் தொடங்கினான். பாதியிலை போறவனை அணியிலை வைச்சிருக்க ஏலாது எண்டு எடுத்துப்போட்டினம். அவையிலும் பிழை இல்லை. படகு இல்லாததுதான் பிழை. பக்கத்துக் கரைக்குப் போக வழியில்லாதவன் கடல் தாண்டிப் போனான்.

அதாலை எனக்கு மண்டபம் வேண்டாம், கல்லும் வேண்டாம். மேடையிலை இருக்கிற அதிகாரிமாரே, படகுச் சங்கத்து ஐயாமாரே, கிழமையிலை இரண்டு நாள், பயிற்சி நாளிலை மட்டும், நயினாதீவுக்கு இரவு எட்டு மணிக்கு ஒரு படகு விடுங்கோ. எண்ணெய்ச் செலவுக்குப் புலம்பெயர்ந்த எங்கட சனத்திட்டை நான் உண்டியல் தூக்கிறன். இண்டைக்கு இந்தக் கூட்டத்திலையே அதை எழுத்திலை தாங்கோ. தலைவர் அவர்களே, பேனை என்னட்டை இருக்கு.