தற்புகழ்ச்சியும் பொதுக் களஞ்சியமும்

ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் சொல்லத் தக்கவர் யார் என்ற வினாவுக்குப் பவணந்தி முனிவர் நன்னூலிலே விடை கூறியிருக்கிறார். நூலாசிரியனுடைய ஆசிரியன், அவனோடு உடன் கற்றவன், அவனுடைய மாணாக்கன், நூலுக்குத் தக்க உரை செய்தவன் ஆகியோரே அதற்கு உரியவர்கள். நூலை ஆக்கியவன் அந்த வரிசையில் இல்லை. முன்னில்லாத அரிய நூலொன்றை ஆக்கியவனாயினும் தன்னைத் தானே புகழுதல் தகாது என்பதே காரணம். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்தவர் அதன் ஆசிரியரோடு உடன் கற்ற பனம்பாரனார் என்பது மரபு.

ஏட்டுச் சுவடிக் காலத்து விதி கணினிக் காலத்துக்கு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்திலே ஓயாது எழுகின்ற வழக்கொன்று இதே வினாவைப் பற்றியதுதான்.

யாழ்ப்பாணத்திலே ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902 ஆம் ஆண்டில் அபிதான கோசத்தை வெளியிட்டபோது, அதில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தீர்மானித்தவர் அவரே. நிறையும் குறையும் அவருடைய பெயரைச் சார்ந்தன. 2001 ஜனவரி 15 இல் தொடங்கிய விக்கிப்பீடியாவின் முறை வேறு. அங்கே எவரும் எழுதலாம். எவர் எழுதியதையும் மற்றொருவர் திருத்தலாம். ஒவ்வொரு திருத்தமும் அந்தந்தப் பக்கத்தின் வரலாற்றிலே பதிவாகும். கட்டுரையின் அடியிலே, மேலும் அறிய விரும்புவோருக்காக வேறு இணையத்தளங்களுக்கு வழிகாட்டும் வெளி இணைப்புகள் இருக்கும். சச்சரவு பெரும்பாலும் அவ்விடத்திலேதான் தொடங்குகிறது.

உதாரணமாக, சிகிரியாவைப் பற்றிய கட்டுரையின் அடியில் அயலிலே விடுதி நடத்தும் ஒருவர் தமது விடுதியின் தளத்துக்கு இணைப்புக் கொடுக்கிறார் என வைத்துக்கொள்வோம். இது விளம்பரம் என்று மற்றொருவர் நீக்கிவிடுகிறார். அவர் மறுபடியும் சேர்க்கிறார். இவர் மறுபடியும் நீக்குகிறார். இத்தகைய இழுபறிக்காகவே, 24 மணித்தியாலத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று தடவைக்கு மேல் பிறருடைய திருத்தத்தை மாற்றுபவரைத் தடைசெய்யும் விதியொன்று ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏற்பட்டது.

ஓர் இணைப்புக்காக இவ்வளவு போராட்டம் ஏன்? தேடுபொறிகள் ஒரு தளத்தின் மதிப்பைக் கணிக்கும்போது, அதனை வேறு எந்தத் தளங்கள் சுட்டுகின்றன என்று பார்க்கின்றன. பெயர் பெற்ற களஞ்சியம் சுட்டினால் அது பெரியவர் ஒருவர் தந்த நற்சான்று போலாகிவிடும். அந்த ஆசையை அடக்குவதற்காக, 2007 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா தன் வெளி இணைப்புகளிலே, இவற்றைப் பரிந்துரையாகக் கொள்ள வேண்டாம் என்று தேடுபொறிக்கு உணர்த்தும் குறியீட்டைச் சேர்த்தது. ஆயினும் இணைப்பிடுவோர் ஓயவில்லை. பொறியை மறித்தாலும், படிக்கும் மனிதருடைய கண்ணை மறிக்க முடியாதல்லவா?

விடுதிக்காரரின் வழக்கைத் தீர்ப்பது எளிது. சிகிரியா ஓவியங்களை நெடுங்காலம் ஆராய்ந்து, தம் ஆய்வையெல்லாம் தமது தளத்தில் இலவசமாக வைத்திருக்கும் ஓர் அறிஞர் வருகிறார் எனின் என்ன செய்வது? "என் தளத்திலே பொய் இல்லை, நான் பணம் கேட்கவில்லை, என்னை அங்கே எவருக்கும் தெரியாது. நானே சொல்லாவிட்டால் யார் சொல்வார்?" என்று அவர் கேட்கலாம். அது நியாயமான கேள்வியே.

அவருக்குச் சார்பாக நன்னூலிலேயே சான்று உண்டு. தற்புகழ்ச்சி தகாது என்று விதித்த பவணந்தியார், நான்கு இடங்களில் அது தகும் என்று விலக்கும் தந்திருக்கிறார். அரசனது அவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதார் நடுவில், அவையிலே வாதிட்டு வெல்லும்போது, எதிரி தன்னைப் பழித்தபோது என்பன அவை. நமது அறிஞரோ தம்மை அறியாதார் நடுவிலேதான் நிற்கிறார்.

இங்கே ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்த நான்கு இடங்களிலும் புலவன் தன் பெயரால், தன் வாயால் பேசுகிறான். கேட்பவர்களுக்குப் பேசுபவன் யார் என்பது தெரியும். அதற்கேற்பச் சொல்லை நிறுத்துப் பார்ப்பார்கள். பாயிரமோ அப்படிப்பட்டதன்று. அது பிறன் வாய்ச் சொல் என்று நம்பிப் படிக்கப்படுவது. அங்கே தன் புகழைத் தானே எழுதி வைப்பவன், தன் குரலைப் பிறன் குரலாகக் காட்டுகிறான். சொன்னது உண்மையாயினும் சொன்ன முறையிலே பொய் இருக்கிறது.

விக்கிப்பீடியாவிலும் இந்த இரண்டு இடங்களும் உண்டு. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் உரையாடற் பக்கம் ஒன்று இருக்கிறது. கட்டுரை பாயிரம் போன்றது. உரையாடற் பக்கம் அவை போன்றது. தமது தளத்தைச் சேர்க்க விரும்புபவர், "இது என்னுடையது, பயனுண்டா என்று பாருங்கள்" என உரையாடற் பக்கத்தில் வைக்க வேண்டும். தொடர்பில்லாத பிறர் பார்த்துச் சேர்ப்பதா விடுவதா என முடிவுசெய்வர் என்பதே அங்குள்ள நெறி. 2014 ஜூன் மாதத்தில், கூலி பெற்று எழுதுவோர் அதனை வெளிப்படுத்தியேயாக வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்க்கப்பட்டது.

அந்நெறி பிறழும்போது நேர்வதற்கும் உதாரணங்கள் உண்டு. களஞ்சியத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஜிம்மி வேல்ஸ் தம்மைப் பற்றிய கட்டுரையைத் தாமே திருத்தியமை 2005 ஆம் ஆண்டில் வெளியாகிச் சர்ச்சையாயிற்று. அப்படிச் செய்திருக்கக் கூடாதென அவரே ஒப்புக்கொண்டார். 2015 ஆம் ஆண்டில் 381 கணக்குகள் ஒருங்கே தடைசெய்யப்பட்டன. நிராகரிக்கப்பட்ட கட்டுரைகளுக்கு உரிய சிறு வணிகர்களைத் தேடிச்சென்று, பணம் தந்தால் ஏற்றுவோம், தொடர்ந்து தந்தால் காப்போம் என்று கறந்த கூட்டம் அது. 2019 ஆம் ஆண்டில் நோர்த் ஃபேஸ் என்னும் ஆடை நிறுவனத்தின் விளம்பரக்காரர்கள், புகழ்பெற்ற இடங்களைப் பற்றிய கட்டுரைகளில் இருந்த படங்களை நீக்கித் தம் பொருள்கள் தெரியும் படங்களை வைத்தனர். அதனைச் சாதனையென்று பறைசாற்றியும் கொண்டனர். கண்டனம் எழவே நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கூலி எதுவுமின்றித் தொண்டு செய்வோர் அந்தப் படங்களை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த நேர்ந்தது.

மற்றொரு நிகழ்ச்சி இலக்கியத்தோடு தொடர்புடையது. அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ரோத், தமது நாவலொன்றுக்குத் தூண்டுதலாயிருந்தவர் யார் என்பது விக்கிப்பீடியாவிலே தவறாக இருப்பதைக் கண்டு திருத்தக் கேட்டார். படைத்தவரே சொன்னாலும் வேறு சான்று வேண்டும் என்று மறுமொழி வந்தது. 2012 செப்டெம்பரில் அவர் தம் பெயரால் நியூயோர்க்கர் இதழின் தளத்திலே பகிரங்கக் கடிதம் ஒன்றை வெளியிட்டார். பின்னர் அந்தக் கடிதமே சான்றாகிக் கட்டுரையில் இடம்பெற்றது. தன் நூலைப் பற்றித் தானே சொல்ல முடியாதா என்று நகைத்தவர் பலர். ஆனால் நடந்ததைப் பாருங்கள். அவர் அவையிலே தம் வாயால் சொன்னார். பிறர் அதனைப் பாயிரத்தில் எழுதினர்.

நேயர்களே, ரோத்துக்கு நியூயோர்க்கர் இருந்தது. நம்மவருக்கு எது இருக்கிறது? தமிழ் விக்கிப்பீடியா 2003 ஆம் ஆண்டு தொடங்கியது. அதனைத் தொடக்ககாலந்தொட்டு வளர்த்தவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிம வடிவில் காத்து வருகிறது. களமும் உண்டு, களஞ்சியமும் உண்டு. குறைந்திருப்பது பிறரைப் பற்றி எழுதும் பழக்கமே. நம் எழுத்தாளர் கைப்பணத்தைப் போட்டு நூலை அச்சிடுகிறார். வெளியீட்டு விழாவிலே பொன்னாடை போர்த்திப் புகழ்கிறோம். அந்தப் புகழ் மண்டபத்தோடு போய்விடுகிறது. நூலைப் படித்து நிறைகுறை சொல்லும் விமர்சனம் ஒன்றேனும் அச்சிலே வருவதில்லை. சில ஆண்டுகளின் பின் அவருக்குச் சான்று அவருடைய சொல் மாத்திரமே. அதனை எடுத்துக்கொண்டு அவர் களஞ்சியத்துக்குப் போனால், தற்புகழ்ச்சி என்று அழித்துவிடுகிறார்கள். அழித்தவர் மீது குற்றமில்லை. அவரைத் தனியே நிற்கவிட்ட நம்மீதுதான் குற்றம்.

எனவே நன்னூல் வகுத்த அந்த நால்வருக்கும் இன்று வேலையிருக்கிறது. ஆசிரியரும் உடன் கற்றவரும் மாணவரும் உரைகாரரும் தாம் படித்த நூலைப் பற்றிப் பத்திரிகையிலும் சஞ்சிகையிலும் தம் பெயரிட்டு எழுத வேண்டும். நண்பரின் புகழும் சார்புடையதே எனக் களஞ்சியம் ஐயுறும். ஆதலால் வெறும் வாழ்த்தாக எழுதாமல், ஆண்டும் பதிப்பும் குறித்து, குணத்தோடு குற்றத்தையும் காட்டி எழுத வேண்டும். அப்படி எழுதியது நாளை எவரோ ஒருவருக்குச் சான்றாகும். அந்தச் சான்று இருந்தால், எழுத்தாளர் தமக்குத் தாமே பாயிரம் பாடிக்கொள்ள வேண்டிய நிலை வராது.