ஐந்து புள்ளியில் திறந்த கதவு: போர்ச்சுகல் ரக்பி மேலே ஏறிய கதை

இன்றைய எபிசோட்ல ஒரே ஒரு மேட்ச்சைச் சுத்தித்தான் பேசப் போறேன். உங்கள்ல அநேகமா யாருமே அதைப் பார்த்திருக்க மாட்டீங்க. 2019 ஜூன் 15, சனிக்கிழமை. ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரம். ரக்பி யூனியன். ஜெர்மனியும் போர்ச்சுகலும் மோதின. போர்ச்சுகல் 37–32 என்று ஜெயித்தது.

இதுக்கு என்ன பரிசு தெரியுமா? அடுத்த சீசன்ல இருந்து தங்களைவிட பலமான அணிகளோட ஆடலாம். அதாவது, ஜெயிச்சதுக்குப் பரிசா இன்னும் அதிகமா அடி வாங்குற உரிமை. கேட்க வேடிக்கையா இருக்கும். ஆனா அந்த உரிமைக்காக போர்ச்சுகல் மூணு வருஷம் காத்திருந்தது. அது கிடைத்த பிறகு நாலே ஆண்டுகளில் உலகக் கோப்பையில் ஃபிஜியைத் தோற்கடித்தது. இது எப்படி நடந்ததுன்னு பார்ப்போம்.

முதல்ல, ரக்பி பார்த்தே பழக்கம் இல்லாதவங்களுக்காக ஒரு நிமிஷம். பக்கத்துக்கு 15 பேர், 80 நிமிடம். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். ஆனால் கையால் முன்பக்கம் பாஸ் பண்ணக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் தர வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அது டிரை, 5 புள்ளி. அதற்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் கன்வெர்ஷன், இன்னும் 2. பெனால்டி கிக் 3. இது போதும், மீதியைப் போகப் போகப் பிடிச்சுக்கலாம்.

இப்ப ஐரோப்பாவோட ஏணியைப் பார்ப்போம். உச்சியில் சிக்ஸ் நேஷன்ஸ்: இங்கிலாந்து, பிரான்ஸ், அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், இத்தாலி. அதற்குக் கீழே ரக்பி யூரோப் சாம்பியன்ஷிப். 2019-இல் அதில் ஜார்ஜியா, ருமேனியா, ஸ்பெயின், ரஷ்யா, பெல்ஜியம், ஜெர்மனி என்று ஆறு அணிகள். அதற்கும் கீழே ரக்பி யூரோப் டிராஃபி. போர்ச்சுகல் அப்போது இருந்தது அங்கேதான். போலந்து, நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, செக் குடியரசு மாதிரி நாடுகளோடு.

சென்னையில டிஎன்சிஏ லீக் ஆடுற நண்பர்கள் யாராவது உங்களுக்கு இருந்தா இது சட்டுனு புரியும். கீழ் டிவிஷன்ல ஜெயிச்சா மேல போகலாம், மேல சொதப்பினா கீழ வரணும். ஐபிஎல் பார்த்து வளர்ந்தவங்களுக்குத்தான் இது கொஞ்சம் புதுசா இருக்கும். அங்க பத்தாவது இடம் வந்தாலும் அடுத்த வருஷம் அதே ஜெர்சி, அதே ஸ்டேடியம்.

போர்ச்சுகல் எப்படி அங்கே போய் விழுந்தது? அதற்கு 2007-க்குப் போகணும். அந்த வருஷம்தான் போர்ச்சுகல் முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. உருகுவேயுடன் இரண்டு மேட்ச் கொண்ட பிளே-ஆஃப். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் 24–23. ஒரே ஒரு புள்ளி வித்தியாசம்! இந்த எண்ணைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

அந்த அணியில் பெரும்பாலானோர் அமெச்சூர்கள். பகலில் வேலை, சாயங்காலம் பயிற்சி. கேப்டன் வாஸ்கோ ஊவா ஒரு வக்கீல். தேசிய கீதம் ஒலித்தபோது அவர்கள் கண்ணீர் வழியக் கத்திப் பாடியதை ரக்பி ரசிகர்கள் இன்றைக்கும் பேசுவாங்க. ஆனா ஸ்கோர் போர்டுக்குக் கண்ணீர் தெரியாதே. நியூசிலாந்திடம் 108–13. ஸ்காட்லாந்து, இத்தாலி, ருமேனியா மூன்றிடமும் தோல்வி. நாலு மேட்ச், நாலும் போச்சு.

உலகமே கைதட்டி அனுப்பி வைத்தது. அதுக்கப்புறம்? இதுதான் சின்ன அணிகளோட பிரச்சினை. உலகக் கோப்பை நாலு வருஷத்துக்கு ஒரு தடவை. நடுவுல இருக்குற வருஷங்கள்ல யாரோட ஆடுறீங்க? போர்ச்சுகல் அடுத்தடுத்து 2011, 2015, 2019 என மூன்று உலகக் கோப்பைகளுக்குத் தகுதி பெறவில்லை. 2016-இல் ஐரோப்பாவின் இரண்டாம் அடுக்கில் கடைசி இடத்துக்கு வந்து, மூன்றாம் அடுக்குக்கு இறங்கியது. ஓநாய்கள் என்று பெயர் வைத்துக்கொண்ட அணி அது. போர்ச்சுகீசியத்தில் ‘ஓஸ் லோபோஸ்’. ஒன்பது வருடத்துக்கு முன்னால் நியூசிலாந்தோடு ஆடிய அணி இப்போது யார் கண்ணிலும் படாத இடத்தில்.

இங்கதான் கதை சுவாரசியமாகுது. மூன்றாம் அடுக்கில் போர்ச்சுகல் சாதாரணமாக ஆடவில்லை. 2017, 2018, 2019, மூன்று ஆண்டும் டிராஃபியை அவர்களே வென்றார்கள். அப்போ மூணு தடவை மேல போயிருக்கணுமே? இல்லை. சாம்பியன் ஆனால் மட்டும் போதாது. மேல் அடுக்கில் கடைசி இடம் வந்த அணியோடு ஒரு பிளே-ஆஃப் ஆட வேண்டும். ஒரே மேட்ச். அதுவும் அவங்க ஊர்ல. தோத்தா, திரும்ப முதல்ல இருந்து ஒரு முழு வருஷம்.

2017-இல் பெல்ஜியத்தில் போய்த் தோற்றார்கள். 2018-லும் கதவு திறக்கவில்லை. அந்த வருஷம் ஜூனில் இன்னொரு அடி. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் 16–13 என்று தோல்வி. மூணே புள்ளி. 2019 உலகக் கோப்பைக் கனவு அங்கேயே முடிந்தது.

யோசிச்சுப் பாருங்க. வேலைக்கு லீவு போட்டு, வார இறுதிகளை விட்டுக்கொடுத்து, எல்லா மேட்ச்சும் ஜெயிச்சு வர்றீங்க. கடைசி ஒரு மேட்ச்ல எல்லாம் அழிஞ்சு போகுது. அடுத்த பிப்ரவரியில் மறுபடி அதே சிறிய மைதானங்கள், ஏற்கெனவே தோற்கடித்த அதே அணிகள். அடிச்சா யாரும் பாராட்ட மாட்டாங்க, ஏன்னா அதுதானே எதிர்பார்ப்பு. தோத்தா மட்டும் செய்தி. என்னைக் கேட்டா, 108–13 தோல்வியைவிட இந்த மூணு வருஷம்தான் கஷ்டம்.

ஆனா அதே சமயத்துல உள்ளுக்குள்ள வேற ஒண்ணு நடந்துட்டிருந்தது. 2017-இல் உலக அளவிலான 20 வயதுக்குட்பட்டோர் டிராஃபி போட்டியில் போர்ச்சுகல் இளைஞர் அணி இறுதிப் போட்டி வரை போனது. 2019-இல் பிரேசிலில் நடந்ததிலும் இறுதிப் போட்டி. ஜப்பானிடம் 35–34 என்று ஒரே புள்ளியில் தோற்றார்கள். பெரியவர்கள் அணி கீழே மாட்டிக்கொண்டிருந்த வருடங்களில் சின்னப் பையன்கள் உலகத் தரத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ரோட்ரிகோ மார்ட்டா, ரஃபேலே ஸ்டோர்ட்டி போன்ற விங் ஆட்டக்காரர்கள் அந்தத் தலைமுறை. திறமை வந்தாச்சு. அதை எங்க கொண்டு போய் இறக்குறது? அதுக்கு மேல் அடுக்கு வேணும்.

இப்ப ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வருவோம். எதிரணி அதே ஜெர்மனி. ஒரு வருஷம் முன்னாடி உலகக் கோப்பை வழியை அடைச்ச அதே அணி. ஆனால் அந்த சீசனில் ஜெர்மனி மேல் அடுக்கில் ஒரு மேட்ச்கூட ஜெயிக்காமல் கடைசியில் இருந்தது. அவர்களுக்கும் இது வாழ்வா சாவா மேட்ச். இரண்டு பக்கமும் சேர்த்து 69 புள்ளிகள். முடிவில் இடைவெளி 5. அதாவது ஒரு டிரை அளவு. ஜெர்மனி இன்னொரு டிரை போட்டு, கன்வெர்ஷனும் அடிச்சிருந்தா கதையே மாறியிருக்கும். மாறல. ஜெர்மனி இறங்கியது, போர்ச்சுகல் ஏறியது.

இந்த 5 புள்ளியோட விலை என்னன்னு இப்ப கணக்குப் போடுவோம். 2023 உலகக் கோப்பைக்கு ஐரோப்பியத் தகுதி, 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டு ரக்பி யூரோப் சாம்பியன்ஷிப் புள்ளிகளை வைத்துத்தான். கீழ் அடுக்கில் இருந்திருந்தால் வரிசையிலேயே நிற்க முடியாது. போர்ச்சுகல் மேலே வந்த 2019-இல் பிரான்ஸின் முன்னாள் விங் ஆட்டக்காரர் பாட்ரிஸ் லாகிஸ்கே பயிற்சியாளராகச் சேர்ந்தார். பந்தை விரித்து ஆடும் வேகமான பாணி. அடுத்து வந்த எதிரிகள் ஜார்ஜியா, ருமேனியா, ஸ்பெயின். 2022 பிப்ரவரியில் திபிலிசியில் போய் ஜார்ஜியாவோடு 25–25 டிரா. சொந்த ஊரில் ஜார்ஜியாவை நிறுத்துவது சின்ன விஷயம் கிடையாது.

அதிர்ஷ்டமும் கொஞ்சம் இருந்தது, அதை மறைக்க வேண்டாம். ஸ்பெயின் தகுதியில்லாத ஒரு வீரரை ஆட வைத்ததற்காகப் புள்ளிகளை இழந்தது, உலகக் கோப்பை இடமும் போனது. அதனால் போர்ச்சுகலுக்கு ஒரு கடைசி வாய்ப்பு கிடைத்தது: 2022 நவம்பரில் துபாயில் நடந்த இறுதித் தகுதிப் போட்டி. ஹாங்காங்கை 42–14, கென்யாவை 85–0. கடைசி மேட்ச் அமெரிக்காவோடு. நேரம் முடியும்போது 16–13 என்று பின்தங்கி இருந்தார்கள். சாமுவேல் மார்க்கேஸ் ஒரு பெனால்டியை உதைத்தார். 16–16. டிரா போதும், புள்ளி வித்தியாசத்தில் போர்ச்சுகல் உள்ளே. 16 வருஷத்துக்கு அப்புறம் திரும்ப உலகக் கோப்பை.

ஆனா அதிர்ஷ்டம் கதவைத் தட்டுறப்போ நீங்க அந்த வீதியில இருக்கணும் இல்லையா? போர்ச்சுகலை அந்த வீதிக்குக் கொண்டு வந்து விட்டது ஃபிராங்க்ஃபர்ட்.

2023, பிரான்ஸ். கேப்டன் டோமாஸ் ஆப்பிள்டன், தொழிலில் பல் மருத்துவர். வேல்ஸிடம் 28–8 தோல்வி. ஜார்ஜியாவோடு 18–18 டிரா. அதில் ஸ்டோர்ட்டி இரண்டு டிரை போட்டார். கடைசியில் கிடைத்த பெனால்டி உள்ளே போயிருந்தால் அதுவே முதல் வெற்றி. ஆஸ்திரேலியாவிடம் 34–14 தோல்வி. கடைசி மேட்ச் அக்டோபர் 8, டூலூஸில், ஃபிஜியோடு. அதே உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவை வென்ற ஃபிஜி. அதற்கு முன்பு ஆகஸ்டில் இங்கிலாந்தை அவர்கள் ஊரிலேயே சாய்த்த ஃபிஜி. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஃபிஜி 23, போர்ச்சுகல் 17. ரோட்ரிகோ மார்ட்டா ஓடிப் போய் மூலையில் டிரை போட்டார். மார்க்கேஸ் கன்வெர்ஷனை அடித்தார்.

24–23. ஞாபகம் வச்சுக்கச் சொன்னேனே, அதே எண். 2007-இல் உலகக் கோப்பைக்குள் நுழைய வைத்த அதே ஸ்கோர், 2023-இல் உலகக் கோப்பை வரலாற்றில் அவர்களுடைய முதல் வெற்றி.

இங்கேயே முடிச்சா நல்ல சினிமா முடிவு. ஆனா இன்னும் ஒண்ணு சொல்லணும். அந்த வெற்றிக்குப் பதினாறு நாள் கழித்து, அக்டோபர் 24-ஆம் தேதி, உலக ரக்பி நிர்வாகம் ஒரு புதிய போட்டியை அறிவித்தது. 2026-இலிருந்து மேல் அடுக்கில் 12 அணிகள், கீழ் அடுக்கில் 12. கீழே இருந்து மேலே ஏறும் வழி? 2030-இல்தான் என்றார்கள். மேல் 12-இல் ஃபிஜி இருக்கிறது. ஃபிஜியை வென்ற போர்ச்சுகல் இல்லை. சிக்ஸ் நேஷன்ஸிலோ ஏணியே கிடையாது. 2022 ஜூலையில் ஜார்ஜியா இத்தாலியை 28–19 என்று வென்றது. அதனால இடம் மாறிச்சா? இல்லை.

இத்தாலியைக் குறை சொல்லல. 2000-இல் சேர்த்துக்கொள்ளப்பட்ட அணி. 2015-இலிருந்து சிக்ஸ் நேஷன்ஸில் தொடர்ச்சியாக 36 மேட்ச் தோற்றது. 2022 மார்ச்சில் கார்டிஃப்பில் வேல்ஸை 22–21 என்று வென்றுதான் அது நின்றது. 2024-இல் ஸ்காட்லாந்தையும் வேல்ஸையும் வென்று, பிரான்ஸோடு டிரா செய்தது. ஏன் வளர்ந்தாங்க? வருஷா வருஷம் தங்களைவிடப் பெரியவங்களோட ஆட இடம் இருந்துச்சு. தோத்தாலும் அந்த இடம் போகல. அதே இடம் போர்ச்சுகலுக்கும் ஜார்ஜியாவுக்கும் கிடைச்சா என்ன ஆகும்ங்கிறதுதான் கேள்வி.

‘சின்ன அணிகள் தரம் வரட்டும், அப்புறம் சேர்த்துக்கலாம்’ என்பது ரக்பியில் மட்டும் கேட்கிற வசனம் இல்ல. நீச்சல் கத்துக்கிட்டு வா, அப்புறம் தண்ணில இறங்கலாம்னு சொல்ற மாதிரி. போர்ச்சுகலுக்கு ஒரு கதவு ஐந்து புள்ளியில் திறந்தது. உள்ளே போனதும் என்ன செய்தார்கள் என்று பார்த்தோம். இப்போது 2027 உலகக் கோப்பைக்கும் தகுதி பெற்றுவிட்டார்கள். அந்தப் போட்டியில் 24 அணிகள். இந்த முறை நேராகவே, கடைசி வாய்ப்பு எதுவும் தேவைப்படவில்லை.

2027-இல் ஆஸ்திரேலியாவில் ஆட்டம். சிவப்பு ஜெர்சி தெரிஞ்சா சேனலை மாத்தாதீங்க, ஒரு பத்து நிமிஷம் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.