பேசாமல் நடந்த ஒரு கணித உரை

1903 அக்டோபர் 31. நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகம் கூடியிருந்தது. பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றிப் பேச வேண்டிய பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல் வாயே திறக்கவில்லை. நேராகக் கரும்பலகைக்குப் போனார். 2-இன் 67-ஆம் அடுக்கைக் கணக்கிட்டு, அதில் ஒன்றைக் கழித்தார். 147573952589676412927 என்று வந்தது. பிறகு பலகையின் வெற்றிடத்தில் 193707721-ஐ 761838257287-ஆல் வரிவரியாகப் பெருக்கினார். அதே விடை! அவர் இருக்கைக்குத் திரும்ப, அரங்கம் கைதட்டியது.

இதை எழுதிவைத்தவர் எரிக் டெம்பிள் பெல், அதுவும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து. மனிதர் கொஞ்சம் உப்பு காரம் சேர்த்துச் சொல்பவர். மௌனம் எப்படியோ, பெருக்கல் சரிதான். நோட்டும் பென்சிலும் இருந்தால் நேயர்களே போட்டுப் பார்க்கலாம்.

எண் எவ்வளவு பெரிது? 14 லட்சத்து 75 ஆயிரம் கோடி கோடிக்குச் சற்று மேல். சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு தானியம், அடுத்ததற்கு இரண்டு என்று இரட்டித்துக்கொண்டே போன கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பலகைக்கு 64-க்குப் பதில் 67 கட்டங்கள் இருந்தால், மொத்தத் தானியம் மிகச் சரியாக இந்த எண்தான்.

இது பகா எண் என்று 1644-இல் எழுதியவர் பிரெஞ்சுத் துறவி மெர்சேன். அவர் கொடுத்த பட்டியலில் 67-ஆம் அடுக்கும் இருந்தது. யாராலும் மறுக்க முடியவில்லை. 1876-இல் எட்வார்ட் லூக்கா இது பகு எண்தான் என்று நிறுவினார். வேடிக்கை என்னவென்றால், எந்த எண்ணால் வகுபடும் என்பது அவருக்கும் தெரியாது! அவருடைய சோதனை, வகுக்கும் எண்ணைத் தேடாமலேயே தீர்ப்புச் சொல்லிவிடும். உடைக்க முடியும் என்று தெரிவது வேறு, உடைத்துக் காட்டுவது வேறு.

கோல் குருட்டாம்போக்கில் தேடவில்லை. இந்த எண்ணின் காரணி எதுவானாலும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7. மற்றதையெல்லாம் தொடவே வேண்டாம். அப்படியும் 193707721 என்பது 134-இன் 1445580 மடங்கோடு ஒன்று. அதாவது, முதல் சல்லடையில் மட்டும் சலித்தால் வரிசையில் பதினான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்களைத் தாண்டித்தான் அதை எட்ட முடியும். ஆகவே அவர் இன்னும் நுண்ணிய சல்லடைகளைப் போட்டார். எவ்வளவு காலம் பிடித்தது என்று பெல் கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம் கோல்.

இன்று சாதாரண மடிக்கணினி இதே எண்ணைக் கண்ணிமைக்கும் நேரத்தில் உடைத்துவிடும். ஆனால் இலக்கம் கூடக் கூடக் கணினிக்கும் மூச்சு முட்டுகிறது. ஆர்.எஸ்.ஏ-250 என்ற 250 இலக்க எண்ணை 2020-இல் ஆய்வாளர்கள் உடைத்தபோது, ஒரே ஒரு செயலி உட்கருவை நம்பியிருந்தால் சுமார் 2700 ஆண்டுகள் பிடித்திருக்கும். இணையத்தில் ரகசியம் காக்க ஆர்.எஸ்.ஏ முறையில் பரவலாகப் புழங்கும் 2048 பிட் எண்ணுக்கோ 617 இலக்கங்கள்.