குளிரைக் காக்கும் சருகு

நவம்பர் பிறந்துவிட்டால் டொராண்டோவின் புறநகர்த் தெருக்களில் ஒரே காட்சிதான். மேப்பிள் சருகைக் கூட்டி அள்ளிப் பழுப்புக் காகிதப் பைகளில் திணித்து, நகராட்சி வண்டிக்காக வாசலில் வரிசையாக வைத்திருப்பார்கள். அதே வீட்டார் மே மாதம் கடைக்குப் போய், சிவப்போ கறுப்போ சாயம் ஏற்றிய மரச்சிராய் மூட்டைகளைக் காசு கொடுத்து வாங்கிவந்து பூப்பாத்தியில் கொட்டுவார்கள். நம் உழவர்கள் மூடாக்கு என்பதை இங்கே கடையில் மல்ச் என்கிறார்கள். குளிர்நாட்டுப் பூப்பாத்திக்கு இந்த இரண்டில் எது ஏற்றது என்று கேட்டால், வாசலில் வைத்து அனுப்பிவிட்ட பைதான் என்பது என் கட்சி.

மூடாக்கு என்றால் செடிக்குக் குளிராமல் போர்த்துகிற கம்பளி என்று பலரும் நினைக்கிறோம். அங்கேதான் கணக்குத் தப்புகிறது. இந்த ஊருக்கென்று தேர்ந்து நட்ட பல்லாண்டுச் செடி, குளிரால் மட்டும் எளிதில் சாவதில்லை. மண் உறைவதும் இளகுவதும் மாறி மாறி நடப்பதுதான் அதற்கு எமன். மார்ச் மாதப் பகல் வெயிலில் மேல்மண் இளகும், இரவில் மறுபடி இறுகும். உறையும் நீர் சுமார் 9 சதவீதம் விரிகிறது என்பது பாதிக் கதை. மண்ணுக்குள் உருவாகும் பனிக்கட்டி, கீழேயிருந்து மேலும் ஈரத்தை உறிஞ்சி, ஏடு ஏடாகத் தடித்து, மேலுள்ளதை நெம்பித் தூக்குகிறது. ஈரம் பிடித்து வைக்கும் களிமண்ணில் இது இன்னும் மோசம். ஹியூக்கரா போன்ற மேல்வேர்ச் செடியைப் பனி கரைந்ததும் குனிந்து பாருங்கள்: பாத்தி மட்டத்துக்கு இரண்டு அங்குலம் மேலே, வேர்க்கழுத்து வெளியே தெரிய, யாரோ பாதி பிடுங்கிவிட்டுப் போனதுபோல் நிற்கும். அந்த வேரைக் காற்று உலர்த்திக் கொல்கிறது. ஆகவே மூடாக்கின் குளிர்கால வேலை சூடு தருவதன்று. உறைந்த மண்ணை உறைந்தபடியே வைத்திருப்பது. அதனால்தான் மேல்மண் இறுகிய பிறகு, பெரும்பாலும் டிசம்பரில், அதைப் போட வேண்டும். முந்திக்கொண்டால் மண்ணின் சூடு உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்; எலிகளும் குடிவரும்.

இந்த வேலைக்குக் காற்றைப் பிடித்து வைக்கும் பொருள் வேண்டும். புதுப்பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். அதைவிட நல்ல மூடாக்கு கிடையாது. அப்படியானால் வேறெதற்கு என்று கேட்கலாம். பனி வசந்தம்வரை கலையாமல் கிடக்கும் ஊரில் அது நியாயமான கேள்வி. டொராண்டோவில் ஜனவரி நடுவிலேயே ஒரு மழை வந்து பனியைக் கரைத்துவிட்டுப் போகும். மறுநாள் பாத்தி வெறுமையாகக் கிடக்கும். சருகு அப்படிக் கைவிடாது. ஆனால் முழு மேப்பிள் இலையை அப்படியே பரப்பினால், நனைந்து ஒன்றோடொன்று ஒட்டி அப்பளக் கட்டுபோல் படிந்துவிடும்; உள்ளே காற்று ஏது? புல்வெட்டும் இயந்திரத்தை இருமுறை மேலே ஓட்டி நறுக்கிக்கொண்டு, மூன்று அங்குலம் போட்டால் போதும். ஓக் இலை இந்த அளவு படியாது. வைக்கோலும் ஆகும், விதை நிறைந்த உலர்புல் மட்டும் வேண்டாம், களையை விதைத்ததாகிவிடும். கிறிஸ்துமஸ் முடிந்து தெருவுக்கு வரும் மரத்தின் கிளைகளை வெட்டி மேலே பரப்பினால் சருகு காற்றில் பறக்காது. கூழாங்கல்லோ காற்றைப் பிடிப்பதில்லை, மக்குவதுமில்லை.

மரச்சிராய் மண்ணின் நைட்ரஜனைத் தின்றுவிடும் என்று அதன்மேல் ஒரு பழி உண்டு. என் கட்சிக்கு அது வசதியான வாதம்தான். ஆனாலும் முழு உண்மையில்லை. மேலே பரப்பிய சிராய், மண்ணைத் தொடும் மெல்லிய அடுக்கில்தான் நைட்ரஜனைக் குறைக்கும். புதர்ச்செடிகளின் அடியில் அதைத் தாராளமாகப் போடலாம். பூப்பாத்தி வேறு: சில ஆண்டுகளுக்கொருமுறை செடியைத் தோண்டிப் பிரித்து நடுகிறோம், அப்போது சிராய் மண்ணோடு கலந்துவிடும், பழி மெய்யாவது அங்கேதான். சருகில் நோய் தங்காதா என்பது நல்ல கேள்வி. கரும்புள்ளி விழுந்த ரோஜா இலையைப் பாத்தியில் விடக்கூடாது. கறுப்பு வால்நட் இலையையும் ஒதுக்குங்கள், அதன் நஞ்சு சில செடிகளுக்கு ஆகாது. தண்டைச் சுற்றி ஒரு கையகலம் விட்டுப் போட்டால் எலி பட்டையைக் கடிப்பது குறையும். சொந்த மண்ணின் தேனீ இனங்களில் பெரும்பாலானவை நிலத்தில்தான் வளை தோண்டுகின்றன. அவற்றுக்காக வெயில்படும் ஒரு மூலையை மூடாமல் விடலாம். சருகு அழகில்லை என்பவர்களுக்கு ஒரே பதில்தான்: ஜூனில் செடி தழைத்த பிறகு அது யார் கண்ணுக்கும் படப்போவதில்லை.

ஏப்ரலில் டியூலிப் முளை தலைகாட்டும்போது முழுவதையும் ஒரே நாளில் வாரிவிடாதீர்கள். மந்தாரமான நாளில் முளையை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, செடிகளுக்கு இடையிலேயே கிடக்க விடுங்கள். கோடையில் ஈரம் காக்கும். இப்போதைக்கு ஒரே சிக்கல், சருகு உதிர்வதற்கும் மண் இறுகுவதற்கும் இடையில் உள்ள சில வாரங்கள். நறுக்கிய சருகை அதே காகிதப் பையில் கட்டி, மழை படாமல் கராஜில் வைத்திருங்கள். இரண்டு பை போதாது. வண்டி வருவதற்குள் பக்கத்து வீட்டிலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.