காமிக்ஸ் வீரர்களுக்கு எதிரி யார்?

(திரையிடலை ஒட்டிப் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு படத்தை மட்டம்னு சொல்லிட்டா அதுக்கு மேல யோசிக்க வேண்டியதில்ல. அது ஒரு வசதி. துருக்கியில் 1960களின் நடுவிலிருந்து படக்கதைகளை வைத்து எடுத்த சாகசப் படங்களை அப்படித்தான் சிரித்து ஒதுக்குகிறார்கள். 1971இல் வந்த ‘டார்கான்: வைக்கிங் ரத்தம்’ படத்தில் ஒரு ஆக்டோபஸ் வரும். பொம்மைன்னு பச்சப்பிள்ளைக்கும் தெரியும். சிரிக்கலாம், தப்பில்ல.

ஆனால் 1972இல் மட்டும் சுமார் 300 படங்கள் எடுத்த தொழில் அது. இஸ்தான்புல்லின் பெயோலு பகுதியில் உள்ள எஷில்சாம் தெருவின் பெயரே அந்த சினிமாவுக்குப் பெயராச்சு. கையில் காசில்லை, கதையோ செய்தித்தாளில் வந்து ஜனங்களுக்கு ஏற்கனவே பழக்கம். வங்கியில் கணக்கு எழுதுகிற எனக்கு இந்தச் சிக்கனம் பிடிக்கிறது.

சுவாத் யாலாஸ் தான் வரைந்த ‘கராவோலா’னை 1965இல் தானே படமாக்கினார். செஸ்கின் புராக்கின் டார்கான், அத்திலா காலத்து ஹூண வீரன், கூடவே ஓநாய். இரண்டு வேடமும் கார்தால் திபெத்துக்கு. மல்கோசோலு, காரா முராத் வேடங்கள் ஜூனைத் அர்கினுக்கு. மருத்துவம் படித்துவிட்டு வாள் பிடித்தவர் அவர்.

வாள் யார் மேல பாயுது? பெரும்பாலும் பைசாந்தியன் மேல. பைசாந்திய இளவரசியோ நம்ம வீரன் மேல ஆசைப்படுவா. வெறும் பழங்கதையா இது? 1955 செப்டம்பரில் இதே பெயோலுவில் கிரேக்கர்களின் கடைகளைக் கும்பல் அடித்து நொறுக்கியது. 1964இல் கிரேக்கக் குடியுரிமை உள்ளவர்களை நாட்டை விட்டே அனுப்பினார்கள். தெருவில் காணாமல் போன அண்டை வீட்டுக்காரன் திரையில் பழங்காலத்து வில்லனாக வந்து நிற்கிறான். படம் எடுத்தவர்கள் திட்டம் போட்டுச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். திட்டம் தேவைப்படவில்லை, அதுதான் பயங்கரம்.

கராவோலான் என்றால் கறுத்த பையன். 1970களில் அந்தப் பெயர் பிரதமர் எசெவித்துக்குப் பட்டப்பெயராச்சு. 1974இல் சைப்ரசுக்குப் படை அனுப்பியவர் அவர்.

குர்துக் குடும்பத்தில் பிறந்த இல்மாஸ் குனேயும் எஷில்சாமின் சண்டைப் படங்களில்தான் பேர் வாங்கினார். ‘அழகில்லாத ராஜா’ன்னு ஜனங்க கூப்பிட்டாங்க. 1970இல் அவர் ‘நம்பிக்கை’ எடுத்தார். நாயகன் ஒரு குதிரை வண்டிக்காரன். குதிரையைக் கார் அடித்துப் போடுகிறது. போலீஸ் கார்க்காரன் பக்கம். தணிக்கையில் தடை விழுந்தது இந்தப் படத்துக்கு.