கிளிவெட்டியும் கணினி முத்திரையும்

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூர்ப் பகுதியின் நெல்வயல்களுக்கிடையே அமைந்த சிற்றூர் கிளிவெட்டி. 2006ஆம் ஆண்டிலே சம்பூர்ப் பக்கத்து மக்கள் பலர் வீடுவாசலை விட்டு வெளியேறிய பின்னர், அவர்களுள் ஒரு பகுதியினர் பல ஆண்டுகள் இவ்வூர்த் தற்காலிக முகாமிலே வாழ்ந்தனர். 2015ஆம் ஆண்டிலேதான் பலர் தம் நிலத்துக்குத் திரும்பத் தொடங்கினர். இவ்வாறு இடம்பெயர்வோர் காப்பாற்ற விரும்பும் பொருள்களுள் முதன்மையானவை காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழுமாகும். தாள் நனையும், கிழியும், எரியும். ஆகையால் அவற்றைப் படமாக்கிக் கணினியிலே சேமிப்பது இன்று வழக்கமாயிற்று. ஆனால் அப்படத்தில் ஓர் இலக்கத்தை எவரேனும் மாற்றிவிட்டால், அதனை அறிவது எங்ஙனம்?

கணினி அறிவியல் இதற்குக் கண்ட வழி ‘ஹேஷ்’ எனப்படும் முத்திரை. ஒரு கோப்பு எத்துணை நீளமாயினும், அதனைப் பிசைந்து, குறித்த நீளமுள்ள ஓர் எண்ணாகச் சுருக்கித் தருவது இது. கோப்பிலே ஒரு புள்ளி மாறினும் முத்திரை முற்றிலும் வேறாகும். முத்திரையைத் தனியே, நம்பகமான இடத்திலே வைத்திருந்தால், கோப்பை மீண்டும் கணித்து ஒப்பிடலாம். உறுதி உண்மையானதா என்று முத்திரை கூறாது. அன்று சேமித்தது இன்றும் மாறாதிருக்கின்றதா என்பதையே கூறும். அதுவே பெரும் பயன். இந்தியாவிலே 2024ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டம், மின்னணுப் பதிவோடு அளிக்கும் சான்றிதழில் இம்முத்திரையையும் குறிக்கச் சொல்கின்றது.

இன்று பெரிதும் வழங்குவது எஸ்.எச்.ஏ. 256 என்னும் முறை. அமெரிக்கத் தர நிறுவனம் இதனை 2002ஆம் ஆண்டிலே வெளியிட்டது. இம்முறை கோப்பை 64 பைட்டுகள் கொண்ட கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டையும் 64 சுற்றுகள் பிசைகின்றது. கிளிவெட்டி என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். யூனிகோடு முறையில் அதற்கு 10 குறிகள்; குறி ஒன்றுக்கு 3 பைட்டாக 30 பைட்டுகள். அதன்பின் முடிவைக் காட்டும் பைட்டு 1. வெறுமையான பைட்டுகள் 25. இறுதியிலே நீளத்தைக் கூறும் பைட்டுகள் 8. ஆகக் கூடி 64. ஒரே கட்டிலே ஊர்ப்பெயர் அடங்கிவிடுகின்றது. செய்தி 55 பைட்டு வரை இவ்வாறு அடங்கும். 56 ஆனால் இரண்டாவது கட்டு வேண்டும். நிரல் எழுதுவோர் பலர் தடுக்கி விழும் இடம் இதுவே. தர நூலும் சரியாக 56 எழுத்துடைய எடுத்துக்காட்டு ஒன்றை விடையோடு தந்துள்ளது.

ஒரு பெயருக்கு இக்கணக்கு நொடியிலே முடியும். ஓர் அலுவலகத்தின் படங்கள் அனைத்துக்கும், பழைய கணினியொன்றிலே முத்திரை கணிப்பதென்றால், வேகம் வேண்டும். அதற்காகச் சுற்றுகளைக் குறைக்கலாமோ? கூடாது. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்து அறிஞர்கள் சனாத்யாவும் சர்க்காரும், 24 சுற்றுகள் வரை குறைத்த வடிவங்களிலே இரு வேறு செய்திகளுக்கு ஒரே முத்திரை வரச் செய்யலாம் என்று 2008ஆம் ஆண்டிலே காட்டினர். முழுமையான 64 சுற்றுகளை அவ்வாறு முறியடித்தவர் இன்றளவும் இலர். ஆகவே குறைக்கத்தக்கது வேலையன்று, வீண்வேலையே.

1972ஆம் ஆண்டளவில் டெனிஸ் ரிச்சி ஆக்கிய சி மொழி இதற்கு ஏற்ற கருவி. அம்மொழியிலே வீண்வேலையைக் களையும் வழிகள் சில உள. ஒவ்வொரு சுற்றிலும் 32 பிட் எண்கள் வட்டமாகச் சுழற்றப்படுகின்றன. சி மொழியிலே சுழற்றலுக்குத் தனிக் குறியில்லை. எண்ணை ஒருபுறம் வலமாகவும் மறுபுறம் இடமாகவும் நகர்த்தி இணைத்தல் வேண்டும். குறைக்குறி இல்லாத எண் வகையிலே இதனை எழுதினால், நல்ல தொகுப்பி அதனை ஒரே எந்திரக் கட்டளையாக மாற்றிவிடும்.

அடுத்தது இடச் சிக்கனம். 64 சுற்றுக்கும் உரிய 64 எண்களையும் முன்னரே கணித்து வைப்பின் 256 பைட்டுகள் வேண்டும். ஒவ்வொரு புதிய எண்ணும் அதற்கு முந்திய 16 எண்களுள் சிலவற்றையே சார்ந்திருத்தலால், 16 எண்களை மட்டும் வைத்துச் சுழன்று பயன்படுத்தினால் 64 பைட்டுகளே போதும். இரண்டு எண்களிடையே ஒன்றைத் தெரிவுசெய்யும் செயலை நான்கு படிகளிலே எழுதுவது தர நூலின் வழி. இயற்கணிதத்தாலே அதனை மூன்றாக்கலாம். சுற்றுக்கு ஒரு படி மிச்சமெனின், கட்டுக்கு 64 படிகள் மிச்சம்.

எனினும் வேகத்தினும் மேலானது சரியான விடை. பைட்டுகளை நான்கு நான்காகச் சேர்க்கையிலே உயர்மதிப்புடையது முதலில் வரவேண்டும் என்பது தர விதி. பெரும்பாலான கணினிகளும் கைப்பேசிகளும் நேர்மாறாக வைப்பன. அவசரப்பட்டு நினைவகத்தை அப்படியே படிப்பவன் பிழையான முத்திரையை மிக விரைவாகப் பெறுவான்.

தமிழர்க்கு வேறொரு பொறியும் உண்டு. கொட்டியாரம் என்னும் சொல்லின் முதலெழுத்தைக் கணினியிலே இருவகையாகப் பதியலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒன்றாக இட்டால் சொல் முழுவதும் 33 பைட்டுகள்; எகரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியே இட்டால் 36. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முத்திரைக்கோ இரண்டும் வெவ்வேறு. ஆதலாற் பெயர்ப் பட்டியல்களிலிருந்து முத்திரை கணிக்குமுன் எழுத்துகளை யூனிகோடு வகுத்த ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருதல் இன்றியமையாதது. தவறின், தன் பெயரைத் திருத்தமாகவே தந்த ஒருவர், பட்டியலிலே பெயர் இல்லையென்று திருப்பி அனுப்பப்படலாம்.

கிளிவெட்டியிலே கணித்த முத்திரையும் கொழும்பிலே கணித்த முத்திரையும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். முதலிலே தர நூலின் எடுத்துக்காட்டுகளுக்கு நிரல் சரியான விடை தரட்டும்; வேகம் அதன் பின்னரே வரட்டும். பல ஆண்டுகள் கழித்துத் தன் காணிக்குத் திரும்பும் குடும்பத்துக்கு, கையிலுள்ள பிரதி மாறாதது என்னும் உறுதி, இரண்டு நொடி மிச்சத்தினும் மதிப்புடையது.