உணவுக்குழலின் இயக்கக் கோளாறுகள்: அறிதலும் தீர்த்தலும்
(விழா அரங்கில் ஆற்றிய உரை)



விழா நாளில் நோயைப் பற்றிப் பேசலாமா எனச் சிலர் எண்ணக்கூடும். நோன்பும் பாரணையும் இயல்பாகிவிட்ட இல்லங்களில் எளிதில் மறைந்திருக்கக்கூடிய நோய் இது. ஆதலின் இவ்வவையில் கூறுவதே பொருத்தம்.

நாம் விழுங்கும் கவளம் தானாக இரைப்பைக்குள் விழுந்துவிடுவதில்லை. ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழலின் தசைகள் மேலிருந்து கீழாக அலைபோல் சுருங்கி அதனைத் தள்ளுகின்றன. அடியிலுள்ள சுருக்குத்தசை தளர்ந்து வழிவிட்டு, உணவு சென்றபின் மூடிக்கொள்கிறது. தளர்ச்சியைத் தரும் நரம்பணுக்கள் அழிந்துவிட்டால் அலையும் குலைகிறது, வாயிலும் திறப்பதில்லை. இந்நோய்க்கு ‘அக்கலேசியா’ என்று பெயர். ‘தளராமை’ என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். ஆண்டுதோறும் ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குப் புதிதாகத் தோன்றும் அரிய நோய் இது.

என்னுடன் பணியாற்றிய அம்மையார் ஒருவர் திருமண விருந்துகளைத் தவிர்க்கத் தொடங்கினார். கேட்டால், “இன்று நோன்பு” என்பார். உடல் மெலிந்தது, நோன்பின் மெலிவென்றே வீட்டார் கருதினர். சோறு மட்டுமன்றித் தண்ணீரும் நெஞ்சில் நின்றதை அவர் வெளியிடவில்லை. பிறர் முன் உண்டது எதிர்க்களித்துவிடுமோ என்ற நாணமே காரணம். ஈராண்டுகள் இவ்வாறு கழிந்தன.

அடையாளங்களைக் கூறுகிறேன். முதலில் திட உணவும் பின்னர் நீர்மமும் தடைப்பட்டால், குழல் குறுகியிருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். தொடக்கத்திலிருந்தே இரண்டும் தடைப்பட்டால் இயக்கக் கோளாற்றை ஐயுற வேண்டும். படுத்தபின் செரியாத உணவு மேலெழுந்து மூச்சுக்குழலில் புகுவதால் இரவில் இருமல் வரும். இருமலும் எடைக்குறைவும் சேர்ந்தால் நம் நாட்டில் காசநோயை நினைப்பது இயல்பே. 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய சானடோரியத்தின் நிழலில் வாழும் நமக்கு அவ்வெண்ணம் இன்னும் விரைவில் எழும். காசநோய் இல்லையென்று தெளிந்த பின்னும் இருமல் நீடித்தால், விழுங்குவதில் இடரும் உண்டாவென மருத்துவரிடம் சொல்லுங்கள். குழல் இறுகித் துடிக்கும் வேறொரு வகையில் மாரடைப்பை ஒத்த நெஞ்சுவலி வரும். அங்கே முதலில் இதயத்தையே சோதிக்க வேண்டும்.

சோதனைகள் மூன்று. புற்றுநோய் இல்லையென உறுதிசெய்ய எண்டோஸ்கோபி முதலாவது. பேரியம் கரைசலைக் குடிக்கச்செய்து எடுக்கும் எக்ஸ்ரே படத்தில், விரிந்த குழலின் அடி பறவையின் அலகுபோல் கூர்ந்து தோன்றும். மூன்றாவது மேனோமெட்ரி. மூக்கின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறு மிடறுகளாக நீர் பருகச்செய்து, தசையின் அழுத்தத்தை அளப்பர். சற்றே சங்கடம் தரும். ஆயினும் நோயின் வகையைத் தெளிவுபடுத்துவது இதுவே.

அழிந்த நரம்பணுக்களை மீட்க இன்று மருந்தில்லை. அடைத்த வாயிலைத் திறக்க வழியுண்டு. 1674இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர், திமிங்கில எலும்பின் நுனியில் கடற்பஞ்சைக் கட்டி உணவைத் தள்ளச் செய்தார். இன்று பலூனால் விரிக்கின்றனர். 1913இல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஹெல்லர் செய்த தசைவெட்டு அறுவையை இப்போது லேப்ராஸ்கோப்பி வழியே செய்கின்றனர். 2008இல் ஜப்பானின் ஹருஹிரோ இனோவே, வெளிக்காயமின்றி வாய்வழியே தசையை வெட்டும் ‘போயம்’ முறையைத் தொடங்கினார். நம் நாட்டில் ஹைதராபாத்தின் ஏசியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் கேஸ்ட்ரோஎன்டராலஜி இதைப் பெருமளவில் செய்துள்ளது. இதன்பின் அமிலம் மேலெழுவது சிலருக்கு உண்டு. மாத்திரையும் தொடர்கண்காணிப்பும் வேண்டும். எம்முறை யாருக்கென்பது நோயின் வகையையும் உடல்நிலையையும் பொறுத்தது.

கதிரவன் மறையுமுன் உண்ணும் நம் வழக்கம், படுக்குமுன் உணவு இறங்க நேரம் தருவதால் இந்நோயாளர்க்கு நன்மையே. அது துணை மட்டுமே; சிகிச்சையாகாது. எடை குறைந்தோர் மருத்துவரைக் கேளாமல் நீண்ட நோன்பு ஏற்கலாகாது.

அவ்வம்மையார் பலூன் சிகிச்சைக்குப்பின் இன்று பந்தியில் அமர்ந்து, மெதுவாக உண்கிறார். வள்ளுவர் மருத்துவத்தின் நான்கு பகுதிகளில் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து துணைசெய்பவரையும் எண்ணினார். ஆகவே, உங்கள் வீட்டில் எவரேனும் அடிக்கடி “பசியில்லை” என்று தனித்து உண்டால், அருகமர்ந்து ஒருவேளை உணவு உண்ணுங்கள். அவர் விழுங்குவதைக் கவனியுங்கள், அன்போடு கேளுங்கள்.